சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்

அமெரிக்காவில் இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடுகிறீர்களா? மொத்தத் தேர்ச்சி விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: தலா 100 மாணவர்கள். முதல் பள்ளியில் வசதியுள்ள 80 பேரில் 76, ஏழைகள் 20 பேரில் 12 தேர்ச்சி, மொத்தம் 88. இரண்டாவதில் வசதியுள்ள 30 பேரில் 29, ஏழைகள் 70 பேரில் 49, மொத்தம் 78. இரு பிரிவிலும் இரண்டாவதுதான் மேல், ஆனால் தரவரிசையில் அதுதான் கீழே கிடக்கும்!

ஏழை மாணவர் விகிதத்தை இலவச மதிய உணவுக் கணக்கிலிருந்து எடுப்பார்கள். அதுவும் இப்போது சிக்கல்தான். 2014-15 முதல் நாடெங்கும் நடப்பில் உள்ள கம்யூனிட்டி எலிஜிபிலிட்டி திட்டத்தில் சேர்ந்த பள்ளியில் வருமானம் பாராமல் எல்லாருக்கும் சாப்பாடு இலவசம்.

இன்னொன்று, 20 பேர் மட்டுமே உள்ள பிரிவில் ஒரே மாணவர் தவறினாலும் 5 புள்ளி சரியும். மூன்று ஆண்டுத் தரவையாவது சேர்த்துப் பாருங்கள்.