ஒழுங்கைக்குள் ரி-56 எதற்கு?

இரவில் வீடு புகுந்து, வாளைக் காட்டி நகை கொண்டுபோனார்கள் என்ற செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்தில் ஒரே குரல் எழும்புகிறது: "ரோந்து வாற பொலிஸ் எல்லாருக்கும் துவக்குக் குடுங்கோ, கண்ட இடத்தில சுடட்டும்." கோபம் நியாயமானது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வயதுபோன தாயும் தகப்பனும் தனிய இருக்கும் வீடுகளைத்தான் கள்ளர் பார்த்து வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கோரிக்கையை அப்படியே நிறைவேற்றினால் என்ன நடக்கும் என்பதை, துவக்கு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கி யோசிக்க வேண்டும்.

இங்கே வீதிச் சோதனையிலும் இரவு ரோந்திலும் நாம் காண்பது பெரும்பாலும் ரி-56 ரைபிள். சீனத் தயாரிப்பு, 7.62 மில்லிமீற்றர் ரவை, மகசினில் 30. குழலை விட்டு வெளியேறும்போது ரவையின் வேகம் செக்கனுக்கு 700 மீற்றருக்குச் சற்று மேல். சமர்க்களத்தில் 300 மீற்றர் தூரத்து எதிரியைச் சுடுவதற்காக உருவான ஆயுதம் அது. தகர வேலியும் பலகைக் கதவும் அதற்குத் தடையே அல்ல. 4 அங்குல புளொக் கல் சுவரும் அடுத்தடுத்து வெடி பட்டால் உடையும். தார் வீதியில் சாய்வாகப் பட்ட ரவை தெறித்து, யாரும் எதிர்பாராத பக்கம் போகும். கொக்குவிலிலோ குருநகரிலோ ஒரு ஒழுங்கைக்குள் அதைச் சுட்டால், குறி தப்பிய ரவை அடுத்த வீட்டு அறையில்தான் நிற்கும்.

குறி தப்புவது அபூர்வமுமல்ல. நியூயோர்க் பொலிஸாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் பொலிஸ் சுட்ட ரவைகளில் 18 வீதமே இலக்கில் பட்டன. எதிராளி சுடாதபோதும் 30 வீதம்தான். ஒழுங்கான பயிற்சியும் வெடிமருந்துக்குப் பணமும் உள்ள பொலிஸ் படையின் கணக்கு இது. ஐந்து வெடியில் நான்கு வேறெங்கோ போகிறது.

ரி-56இல் இன்னொரு சிக்கல் உண்டு, பேசுபவர்கள் குறைவு. வலப்பக்கத்தில் உள்ள பூட்டு நெம்புகோல் மேலே இருந்தால் பாதுகாப்பு நிலை. அதைக் கீழே தள்ளும்போது முதலில் வருவது தொடர் வெடி. ஒற்றை வெடி அதற்கும் கீழே, கடைசியில். பதற்றத்தில் பாதித் தூரம் தள்ளியவர் ஒரு வெடி வைக்க நினைத்து விசையை அழுத்தினால், பல ரவைகள் ஒன்றாகப் புறப்படும். முதல் வெடியோடு குழல் மேலெழும்பும். அடுத்தவை எங்கே போகின்றன என்பது சுட்டவருக்கே தெரியாது. ஆண்டுக்கணக்கில் பயிற்சித் தளத்தைக் காணாத கைக்கு இப்படிப்பட்ட ஆயுதத்தைக் கொடுத்து, நடுச்சாமத்தில் சந்தியில் நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

அடுத்தது வாள். இங்கே கொள்ளைக்கு வருபவர்கள் கையில் அநேகமாக இருப்பது வாள், கத்தி, அலவாங்கு. "வாளோடு வாறவனுக்கு முன்னால் துவக்கு இருந்தால் போதும்" என்பது பலரது நம்பிக்கை. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் டூலர் 1983இல் இதை எழுத்தில் வைத்தார்: கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியை, அதாவது ஏறக்குறைய 6.4 மீற்றரை, ஒன்றரைச் செக்கனில் கடந்துவிடுவார். உறைக்குள் இருக்கும் பிஸ்டலை எடுத்து, நீட்டி, சுடுவதற்கும் பயிற்சி பெற்றவருக்கே அவ்வளவு நேரம் தேவை. வாள் கத்தியைவிட நீளம். நம் ஒழுங்கைகளில் பல 12 அடி அகலம்கூட இல்லை. ஆகவே அந்தத் தூரத்தில் பொலிஸ்காரரைக் காப்பது இடையில் நிற்கும் வாகனம், பூட்டிய கேற், பக்கத்தில் இன்னும் இருவர், பின்வாங்க இடம் ஆகியவை. துவக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

இடுப்பில் உள்ள ஆயுதம் பறிபோகவும் கூடும். 2017 ஜூலை 22 அன்று நல்லூரில், மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரிடமிருந்து ஒருவர் பிஸ்டலைப் பறித்து, அதே பிஸ்டலால் சுட்டார். மெய்ப்பாதுகாவலர் உயிரிழந்தார். பகல் வேளை, சனம் நிறைந்த சந்தி. பறிபடாமல் காக்கும் உறைகள் இருக்கின்றன: ஒரே இழுப்பில் வராது, பெருவிரலால் ஒரு பூட்டை அழுத்த வேண்டும் அல்லது ஒரு குறித்த கோணத்தில் திருப்ப வேண்டும். ஆனால் உறையை மாற்றினால் மட்டும் போதாது. பேசும்போது ஆயுதம் உள்ள பக்கத்தை எதிராளிக்கு மறுபுறம் வைத்து நிற்பது, கை எட்டும் தூரத்துக்குள் யாரையும் விடாதது, நெரிசலுக்குள் தனியாக இறங்காதது, இவை பழக்கமாக வேண்டும். வீதியில் நின்று போக்குவரத்தைக் கவனிக்கும் ஒருவரால் இவற்றில் ஒன்றைக்கூட முழுதாகக் கடைப்பிடிக்க முடியாது. அதனால்தான் போக்குவரத்துக் கடமைக்கும் முறைப்பாடு விசாரிக்கப் போவதற்கும் ஆயுதம் கூடாது என்கிறேன்.

குளப்பிடிச் சந்தியில் நடந்ததை இந்த ஊர் மறக்காது. 2016 ஒக்டோபர் 20 இரவு, யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் போனபோது பொலிஸ் சுட்டது. இருவரும் இறந்தார்கள். முதலில் அது வீதி விபத்து என்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் வெடிக்காயம் தெரிந்த பிறகே உண்மை வெளியில் வந்தது. 5 பொலிஸார் கைதானார்கள். ஓடும் மோட்டார் சைக்கிளை நோக்கிச் சுடுவதைப் பல நாடுகளின் பொலிஸ் விதிகள் தடுப்பதற்குக் காரணம் எளிது. ரவை வாகனத்தை நிறுத்தாது. ஓட்டுபவருக்குப் பட்டால், பின்னால் இருப்பவர் வேகத்தோடு மதிலில் மோதுவார். "ரயருக்குத்தான் குறி வைத்தேன்" என்பது நீதிமன்றில் சொல்லக்கூடிய வாக்கியம். இருட்டில், அசையும் ரயரில், அதைச் செய்துகாட்டக்கூடியவர் மிகக் குறைவு. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைதுக்கு நியாயமான பலத்தைப் பாவிக்க இடம் தருகிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைதுக்காகக் கொல்ல இடம் தரவில்லை. கை காட்டியும் நிற்காமல் போவது அப்படியான குற்றமல்ல.

இனி மறுபக்கம். உண்மையிலேயே கனரக ஆயுதங்களோடு கொள்ளையர் வந்தால்? இந்த மண்ணுக்கு அதுவும் புதிதல்ல. 1981 மார்ச் 25 அன்று நீர்வேலியில் மக்கள் வங்கியின் பண வாகனம் மறிக்கப்பட்டு, 80 இலட்சம் ரூபா அளவில் போனது. பாதுகாப்புக்குப் போன பொலிஸார் இருவர் கொல்லப்பட்டார்கள். இடத்தையும் நேரத்தையும் மறிப்பவர் தெரிவுசெய்யும்போது, வாகனத்துக்குள் இருப்பவர் ஆயுதத்தைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பாதையையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பதும், பின்னால் தூரத்தில் இரண்டாவது வாகனம் வருவதும்தான் அங்கே உதவும்.

லொஸ் ஏஞ்சல்ஸில் 1997 பெப்ரவரி 28 அன்று நடந்தது வேறு விதம். நோர்த் ஹொலிவூட் வங்கியிலிருந்து இருவர், ரவை தடுக்கும் கவசத்தோடும் தானியங்கி ரைபிள்களோடும் வெளியே வந்தார்கள். அங்கே பொலிஸார் எல்லாரிடமும் துவக்கு இருந்தது. ஆனால் 9 மில்லிமீற்றர் பிஸ்டலும் ரிவோல்வரும் ஷொட்கன்னும் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. 44 நிமிடம் சண்டை நீடித்தது. பக்கத்துத் துவக்குக் கடையிலிருந்து ரைபிள் வாங்கி வரவேண்டிய நிலை. கொள்ளையர் இருவரைத் தவிர வேறு யாரும் சாகவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம். எல்லார் இடுப்பிலும் பிஸ்டல் என்ற ஏற்பாடு, அது தேவைப்பட்ட மிக மோசமான நாளில் கைவிட்டது. அதன் பிறகு அவர்கள் ரோந்துக்குத் தெரிந்தெடுத்த சிலரிடம் ரைபிளைக் கொடுத்தார்கள். அந்தச் சரியான முடிவை இங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் சாதாரண பொலிஸாரிடம் இன்றும் துவக்கு இல்லை. லண்டனில் 1991இல் தொடங்கிய ஆயுத ரோந்து வாகனங்களில் ரைபிள்கள் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். தெரிவாகிப் பயிற்சி முடித்தவர்கள் மட்டும் எடுப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு 18 ஆயிரம் அளவில் ஆயுத நடவடிக்கைகள் நடக்கின்றன. பொலிஸ் சுடுவது 10 சம்பவம் அளவில்தான். நியூசிலாந்திலும் ஆயுதம் வாகனத்துக்குள் பூட்டியே இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு நான் கேட்பதும் இதே வகைதான். ஒவ்வொரு இரவு முறையிலும் ஒரு வாகனத்தில் தகுதி பெற்ற இருவர். ரைபிள் உருக்குப் பெட்டிக்குள். திறக்கும் முன் வயர்லெஸ்ஸில் பொறுப்பதிகாரியின் அனுமதி, நேரத்தோடு பதிவு. வருடத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று இருட்டில், சுடும் பரீட்சை. தவறியவரிடமிருந்து அன்றே ஆயுதம் திரும்ப வேண்டும். மற்ற ரோந்துக்கு வயர்லெஸ், பொல்லு, நல்ல ரோர்ச், வெட்டுத் தாங்கும் கையுறையும் கேடயமும். வாளுக்கு எதிராக நீளமான கேடயம் ரி-56ஐவிடக் கூடப் பயன்படும்.

கடமை முடிந்து ஆயுதத்தை ஒப்படைப்பதிலும் உயிர் போகிறது. முறை இது: குழல் மண் நிரப்பிய பரலை நோக்கி இருக்க, முதலில் மகசினைக் கழற்ற வேண்டும், பிறகே பக்கத்துக் கைபிடியைப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் ரவை ஏறும் அறைக்குள் ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். களைப்பில் இந்த ஒழுங்கு மாறி, மகசின் இருக்கும்போதே இழுத்தால் புது ரவை ஒன்று அறைக்குள் ஏறிவிடும். பிறகு மகசினைக் கழற்றிவிட்டு வெறுமை என்று நம்பி விசையை அழுத்துவார். பொலிஸ் நிலையங்களிலும் முகாம்களிலும் "தவறுதலாக வெடித்தது" என்ற செய்திகளில் பல இந்த வகை. 30 ரவை வாங்கியவர் 30 ரவையை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வைக்காத நிலையத்தில், ஒரு வெடி எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் ஆயுதத்தோடு கள்ளர் நிற்கிறார்கள் என்று தகவல் வந்தால், முதலில் போகும் வாகனம் வாசலுக்குப் போகக் கூடாது. 100 மீற்றர் தள்ளி நின்று, விளக்கை அணைத்து, ஒழுங்கையின் இரு முனையையும் அடைக்க வேண்டும். பின்பக்க வெறுங்காணியையும் பனங்கூடலையும் மறந்தால் கள்ளர் அந்த வழியால் போய்விடுவார்கள். உள்ளே முதியவர்கள் இருக்கும்போது உள்ளே பாய்ந்து சுடுவது அவர்களைப் பணயம் வைப்பது. கள்ளர் வெளியே வரட்டும், வெளியே மறிக்கலாம்.

வீட்டுக்காரர் நகையைக் கொடுத்துவிட வேண்டும், துரத்தவும் கூடாது. 119க்கு அழைக்கும் அயலவர் முதலில் சொல்ல வேண்டியது சந்தியின் பெயர், ஒழுங்கை, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை. பிறகு எத்தனை பேர், கையில் என்ன, துவக்கைக் கண்டதா அல்லது கேள்விப்பட்டதா, எந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் போனது. "துவக்கு இருக்காம்" என்று ஊகத்தில் சொன்னால் வருபவர் விசையில் விரலோடுதான் வருவார். அயலவரே ஒழுங்கைக்குள் பொல்லோடு நிற்கும்போது அது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். கமரா பதிவுப் பெட்டியை வரவேற்பறையில் வைத்தால் கள்ளர் அதையும் கொண்டுபோவார்கள். கூரைக்குள்ளோ பூட்டிய அலுமாரிக்குள்ளோ வைக்கவேண்டும்.

உங்கள் பொலிஸ் பிரிவின் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: இரவு ரோந்தில் ரி-56 வைத்திருப்பவர்கள் கடைசியாக எப்போது சுடும் பரீட்சைக்குப் போனார்கள்? ஒரு வெடி வைக்கப்பட்டால் அந்த ஆயுதத்தை யார் முத்திரையிட்டு எடுக்கிறார்கள், அதே நிலையமா வேறு நிலையமா? நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை இடத்தை யார் காக்கிறார்கள்? அழைப்பை எடுப்பவர் எந்த நேரத்திலும் தமிழில் பேசுவாரா? பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.