அம்மா நடந்த ரயில் தடம்

அம்மாவுக்கு வயது 67. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன மே மாதம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவர், ஜன்னல் வழியே தெரிந்த மேட்டைப் பார்த்துவிட்டு, "எங்க பார்த்தாலும் ஏத்தமும் இறக்கமுமா இருக்குது கண்ணு. நான் வீட்லயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஷெஃபீல்டு நகர எல்லையில் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் சைக்கிளோடு நான் அந்த மலைகளில்தான் இருப்பேன். ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப்பட்ட இடத்தை அம்மாவுக்குக் காட்டாமல் எப்படித் திருப்பி அனுப்புவது?

அப்போதுதான் மான்சல் தடம் ஞாபகத்துக்கு வந்தது. பழைய ரயில் பாதை அது. ரயிலுக்கும் முழங்காலுக்கும் குணம் ஒன்றுதான். இரண்டுக்கும் செங்குத்து ஆகாது. 1863-இல் மிட்லண்ட் ரயில்வே இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாதை போட்டபோது, மேட்டைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி, இஞ்சின் மூச்சு வாங்காமல் ஏறுகிற மாதிரிதான் போட்டார்கள். 1968-இல் ரயில் நின்றது. தண்டவாளம் போனாலும் அந்தச் சமதளம் அப்படியே இருக்கிறது. பேக்வெல் பக்கத்திலிருந்து சீ டேல் வரை எட்டரை மைல், அதாவது சுமார் 13.7 கிலோமீட்டர். நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் வருபவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லாரும் ஒரே தடத்தில் போகிறார்கள். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மலை செங்குத்தாக நிற்க, நடுவே நாம் மட்டும் ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டிருக்கலாம்.

தடத்தில் மொத்தம் ஆறு குகைகள். ரயில் நின்ற பிறகு நீளமான நான்கையும் பல வருஷம் அடைத்தே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர். குகை வாய் வந்ததும் மேலே ஏறி, சுற்றி, மறுபடி இறங்க வேண்டும். அம்மாவைப் போன்றவர்கள் அங்கேயே திரும்பியிருப்பார்கள். சுமார் 22 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு செலவில் அவற்றைச் சீர்செய்து, விளக்குப் போட்டு, 2011 மே மாதம் திறந்துவிட்டார்கள். வரிப்பணம் இதைவிட நல்ல வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

நாங்கள் போட்ட திட்டம் இது. நானும் மகளும் ஹாசப் பழைய ஸ்டேஷனில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிழக்கிலிருந்து வருவது. என் மனைவி அம்மாவைக் காரில் மில்லர்ஸ் டேல் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து கிழக்குப் பார்த்து நடப்பது. நடுவில் எங்கே சந்திக்கிறோமோ அங்கே சாப்பாடு. கட்டுச்சோறு என் முதுகுப் பையில் இருந்தது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்.

பதினோரு வயதுப் பெண்ணோடு ஹெட்ஸ்டோன் குகைக்குள் சைக்கிளில் நுழைவது நல்ல அனுபவம். வெளியே வெயில். குகை வாயிலிருந்து பத்தடி போனதும் குளிர் முகத்தில் அடிக்கிறது, ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. கூரையில் இன்னும் ரயில் புகைக் கரி ஒட்டியிருக்கிறது. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மகள் மணியை அடித்தாள்; அந்தச் சத்தம் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. குகை முடிந்த கணமே கால் பாலத்தின் மேல் இருக்கிறது. கீழே வை ஆறு வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் பச்சை மலை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற கண் அதை ஒரேயடியாகத் தாங்காது. நாங்கள் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசாமல் நின்றோம்.

ஐந்து வளைவு கொண்ட இந்தப் பாலத்தைத்தான் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் திட்டித் தீர்த்தார். காந்தியடிகள் மனசில் ஆழமாகப் பதிந்த அதே ரஸ்கின். பக்ஸ்டனில் இருக்கிற முட்டாள்கள் அரை மணியில் பேக்வெல்லுக்கும், பேக்வெல் முட்டாள்கள் பக்ஸ்டனுக்கும் போய்ச் சேருவதற்காக, தெய்வங்கள் உலவிய பள்ளத்தாக்கை வெடி வைத்து நாசமாக்கிவிட்டார்கள் என்பது அவர் கோபம். அந்தக் கோபத்தில் இருந்த பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1970-இல் அதே பாலத்தைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. மேலே மான்சல் ஹெட்டில் நின்று படம் எடுக்கிற எல்லாரும் அந்தப் பாலத்தைத்தான் எடுக்கிறார்கள்.

பாலம் தாண்டிச் சிறிது தூரம் போனதும், கிரெஸ்புரூக் குகையின் கிழக்கு வாய்ப் பக்கம், எதிரே இரண்டு உருவம். ஒன்று சிவப்பு மழைக்கோட்டு. இன்னொன்று சுங்குடிச் சேலை, அதன் மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. மகள் "அப்பத்தா!" என்று கத்திக்கொண்டே பெடலை மிதித்தாள். அம்மா சில கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். முகத்தில் களைப்பே தெரியவில்லை. "ரெண்டு குகை தாண்டி வந்துட்டேன் சாமி. உள்ள ஊட்டிக் குளிரு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்தோம். அந்த இடத்திலிருந்து கீழே பார்த்தால் கிரெஸ்புரூக் ஆலை தெரியும். ஆற்றோரம் வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த பெரிய கல் கட்டடம். அம்மா கேட்டார், "அது என்ன கண்ணு, அரண்மனையா?"

"பஞ்சாலைங்கம்மா. நூல் மில்லு."

அம்மா கையிலிருந்த சோற்று உருண்டையை டப்பாவிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். இருபத்தாறு வருஷம் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினில் நின்றவர். அறுந்த நூலைத் தேடிப் பிடித்து ஒட்டி ஒட்டி, வலது கட்டைவிரல் ஓரம் இன்றைக்கும் காய்த்திருக்கும். இங்கே ஆர்க்ரைட் என்ற பஞ்சாலை முதலாளி 1783-இல் முதல் ஆலையைக் கட்டினார் என்றும், இப்போது தெரிவது 1815-இல் எழுந்த கட்டடம் என்றும், உள்ளே இப்போது வீடுகள்தான் இருக்கின்றன என்றும் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் வேறு. "இத்தனை ஜன்னலு வெச்சிருக்கானே, காத்துக்கா, வெளிச்சத்துக்கா? நூலுக்கு ஈரம் வேணுமே. ஜன்னலத் தொறந்தா நூல் அறுக்குமே." எத்தனையோ தடவை அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்புறம் அவர்கள் வரும் வழியில் கடந்த லிட்டன் ஆலையின் கதையைச் சொன்னேன். லண்டன் போன்ற ஊர்களின் அநாதை விடுதிகளிலிருந்து குழந்தைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வேலைக்கு வைத்த ஆலை அது. ராபர்ட் பிளின்கோ என்ற சிறுவன் 1799-இல் லண்டன் விடுதியிலிருந்து முதலில் நாட்டிங்காம் பக்கத்து ஆலைக்கும், பிறகு இங்கேயும் வந்து சேர்ந்தான். பெரியவனான பிறகு அவன் சொன்னதால்தான் அங்கே நடந்த அடி உதை வெளியே தெரிந்தது. அந்தக் காலத்துப் பஞ்சாலைகளில் இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து போய்க் கழிவுப் பஞ்சைப் பொறுக்குவது சின்னப் பிள்ளைகள் வேலை. செத்துப்போன பிள்ளைகளை டைட்ஸ்வெல் தேவாலயத்து இடுகாட்டில் புதைத்தார்கள்.

"ஓடுற மெஷினுக்கு அடியிலயா?" என்றார் அம்மா.

"ஆமாங்கம்மா. ஓடும்போதே."

மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆறு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இந்த மலைகளுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் இன்னொரு உறவும் உண்டு. வடக்கே ஒரு மணி நேரம் போனால் கிண்டர் ஸ்கவுட். 636 மீட்டர், இந்தப் பகுதியில் அதுதான் உச்சி. ஒரு காலத்தில் அங்கே கால் வைக்க முடியாது. பணக்காரர்கள் பறவை சுடுவதற்காகக் காவல்காரர்களை வைத்துப் பூட்டியிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து கிளம்பி வேண்டுமென்றே அந்த மலை ஏறினார்கள். ஷெஃபீல்டிலிருந்தும் ஒரு கூட்டம் ஈடேல் வழியாக வந்து சேர்ந்துகொண்டது. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு 20 வயது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்ட்ரிக்ட். கிண்டர் போன்ற திறந்த மேடுகளில் சட்டப்படி யாரும் நடக்கலாம் என்று 2000-இல் இன்னொரு சட்டமும் வந்தது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது ஒரே வார்த்தையை. "ஞாயித்துக்கெழமையா? அன்னிக்கு ஒருநாத்தான மில்லு லீவு." ஆறு நாள் ஷிப்ட் முடித்தவர்களுக்கு அந்த ஒரு நாள் என்ன என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது புத்தக அறிவு.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே வயலுக்கு நடுவே போகிற எல்லாப் பாதையும் சைக்கிளுக்கு இல்லை. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரைப் பாதை. அதில் சைக்கிள் போகலாம். 1968-இல் சட்டம் கொடுத்த உரிமை அது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழி விட வேண்டும். வந்த புதிதில் நான் மஞ்சள் அம்பைக் கவனிக்காமல் ஒரு மேய்ச்சல் நிலத்துக்குள் சைக்கிளோடு போய்விட்டேன். ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் கோபப்படவில்லை. கூடவே நடந்து வந்து கம்பத்தைத் தொட்டுக் காட்டி, குட்டி போடுகிற காலத்தில் ஆடுகள் மிரண்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். அன்றிலிருந்து கேட்டைத் திறந்தால் மூடாமல் நான் போனதில்லை.

காலில் வலு இருப்பவர்கள் காசில்டன் பக்கம் போங்கள். மாம் டார், 517 மீட்டர், மேலே வரை கல் பாவிய படி. உச்சியிலிருந்து லூஸ் ஹில் வரை நீளும் முகட்டில் நடந்தால் ஒரு பக்கம் ஈடேல், மறு பக்கம் ஹோப் பள்ளத்தாக்கு. மலை இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது. அடியில் போன பழைய சாலையை எத்தனையோ தடவை செப்பனிட்டுப் பார்த்து, முடியாமல் 1979-இல் கைவிட்டார்கள். உடைந்த இடத்தில் குனிந்து பாருங்கள், தார் அடுக்கடுக்காகத் தெரியும், சரியச் சரிய மேலே மேலே ஊற்றியது. அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். வினட்ஸ் கணவாய் ஏற்றத்தைச் சைக்கிளில் ஏற ஆசைப்படுகிறவர்கள், ஐந்தடிக்கு ஓரடி உயரும் சாலை அது என்பதைத் தெரிந்துகொண்டு போகவும். குழந்தைகளோடு என்றால் டிஸ்ஸிங்டன் தடம் நல்லது. அதுவும் பழைய ரயில் பாதைதான். பார்ஸ்லி ஹேயிலிருந்து ஆஷ்போர்ன் வரை 13 மைல். அந்தத் திசையில் போனால் பெரும்பாலும் இறக்கம்.

சாப்பிட்டு முடித்துப் பாலம் வரை போய் அம்மாவுக்குக் காட்டிவிட்டுத் திரும்பினோம். மனைவி சைக்கிளை வாங்கிக்கொண்டு மகளோடு ஹாசப் போய்விட்டாள். நான் அம்மாவோடு மில்லர்ஸ் டேல் வரை நடந்தேன். தடத்தின் ஓரமெல்லாம் காட்டுப் பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலில் வாசனைதான் வந்தது. "யாரோ ரசத்துக்குப் பூண்டு தட்டறாங்க" என்று அம்மா நின்றுவிட்டார். இலையைக் காட்டினேன். பறிக்கவில்லை, குனிந்து விரலால் கசக்கி முகர்ந்து பார்த்தார். வழியில் எதிரே வந்த ஒவ்வொருவரும் "ஹலோ" சொன்னார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் "வாங்க" என்றார்.

லிட்டன் குகைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் இல்லை, குளிருக்கு. விளக்கு பகலில் மட்டும்தான் எரியும். பொழுது சாய்ந்தால் அணைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். "அப்ப வேகமா நட" என்று அவரே எனக்கு முன்னால் போனார்.

மில்லர்ஸ் டேலில் பழைய ஸ்டேஷன் கடையில் டீ வாங்கிக்கொண்டு, ரயில் நிற்காத பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். அம்மா ஷூவைக் கழற்றி முழங்காலை நீவிவிட்டார். வலிக்குதுங்களாம்மா என்றேன். பதில் சொல்லவில்லை. தடம் மேற்கே போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் ஆறு குகைன்னயே. நான் ரெண்டுதான பார்த்தேன்?"

"ஆமாங்கம்மா. அந்தப் பக்கம் மூணு இருக்குது. பாலத்துக்கு அங்கிட்டு ஒண்ணு."

"புதன்கெழமை உனக்கு லீவுதான?"

புதன்கிழமை மேற்குப் பக்கத்து மூன்றையும் நடந்து முடித்தோம். லேசான தூறல். அம்மா என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார்.