ஒரு மாதம்தான் டைம்: தம்பிக்காக அடிப்படை உரிமை மனு போட்ட கதை

கொழும்பு புதுக்கடையில், உயர் நீதிமன்றத்தில், தம்பியின் மனுவுக்கு விசாரணை அனுமதி கிடைத்துவிட்டது. அதனால்தான் கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது, இல்லாவிட்டால் இது முழுக்க வசவாகவே இருந்திருக்கும்.

ஒரு பொலிஸ் நிலையத்தில் காரணம் எதுவும் சொல்லாமல் தம்பியை இரவு முழுக்க வைத்திருந்து, அடித்து, விடிந்ததும் "ஆள் மாறிப்போச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 11 (சித்திரவதை கூடாது), 13(1) (காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது) இரண்டும் மீறப்பட்டிருக்கின்றன. உறுப்புரை 126இன்படி நேராக உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள்.

முதலில் பிடித்த சட்டத்தரணி "பார்ப்பம் தங்கச்சி, அவசரமில்லை" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு மாதத்தையும் கரைத்துவிட்டார். அவசரமில்லையாம்! போன் எடுத்தால் வழக்கில் நிற்கிறார், இல்லையென்றால் கல்யாண வீட்டில். நல்லவேளை, தம்பியின் கூட்டாளி சொன்னதைக் கேட்டு முதல் வாரமே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தோம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் கவனம்: வெறும் ரசீதைக் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாகவே நடக்கிறது என்று காட்ட வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன. அதனால் ஆணைக்குழுவிடமிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும், உறையோடு சேர்த்து, வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யார் மனு போடலாம் என்பது. ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டை அம்மாதான் கொடுத்தார், பிரச்சினையில்லை. அதே நினைப்பில் அம்மாவை இரவு பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம், தம்பிக்கு அப்போது எழும்பி நடக்கவே கஷ்டம். இரண்டாவது சட்டத்தரணி பார்த்த உடனேயே சொன்னார், உயர் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் போட வேண்டும், அல்லது அவர் சார்பில் சட்டத்தரணி போட வேண்டும், தாயார் போட முடியாது என்று. முதலாமவர் இதையாவது போனில் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து, தம்பியைச் சமாதான நீதவானிடம் கூட்டிப்போய் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்து, மறுபடியும் பஸ்.

அடி விழுந்திருந்தால் தயவுசெய்து தனியார் கிளினிக்கோடு நிற்காதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்ந்து, பொலிஸ் அடித்தது என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்படி கேளுங்கள். தம்பி பயத்தில் "விழுந்திட்டன்" என்று சொல்லப் போனான், அம்மா குறுக்கே விழுந்து தடுத்தார். இன்றைக்கு மனுவில் கனமான தாள் அந்தச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைதான்.

மனு ஆங்கிலத்தில் போனதால், சிங்களத்திலும் தமிழிலும் இருந்த இணைப்புகளுக்கெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருந்தது. பக்கக் கணக்கில் காசு, கடைசி நேரத்தில் கேட்டால் இன்னும் கூட. கையில் தாள் வரவர மொழிபெயர்த்து வைத்துவிடுங்கள்.

மனுவைத் தாக்கல் செய்வது, இலக்கம் வாங்குவது எல்லாம் சட்டத்தரணி பார்த்துக்கொண்டார், சத்தமில்லாமல் முடிந்தது. அனுமதி கிடைத்த அன்று தம்பி முதல் தடவையாக அந்த இரவைப் பற்றித் தானாகவே பேசினான். இனி எதிர்மனுதாரர்கள் ஆட்சேபனை போட வேண்டும். தவணைக்கு மேல் தவணை போகும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள், பஸ் காசை எடுத்து வைத்திருக்கிறோம்.