லிஃப்ட் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் அரசு வாரியம் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகள். லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடிப் பாட்டி அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போக முடியாது. நேற்று களப்பணியாளர்களோடு உட்கார்ந்தபோது திரும்பத் திரும்ப இந்தப் பேச்சுதான்.

அந்த வாரியம் 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் மாறியதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் வீட்டுச் சாவி கொடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. புகார் சொல்ல வருபவரை உட்காரவைத்துக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்.

‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தருகிறது. சரி, கணக்கை யார் எழுதுவது? ஒரு பிளாக்கில் சுயஉதவிக் குழு அக்கா ஒருவர் நோட்டுப் போட்டு எழுதுகிறார். அங்கே படிக்கட்டு விளக்கு எல்லா மாடியிலும் எரிகிறது.

அடுத்த பயிற்சியில் ஊழியர்களுக்கு அவரையே வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறோம்.