குளிர் விட்ட பிறகு ஒரு பிராட்சைட்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்னம்ஸ் பிராட்சைட் என்ற இங்கிலாந்து பீர் பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரே கிளாஸுக்கு மூன்று தடவை மார்க் போட்டேன். முதல் தடவை 50க்கு 29, கடைசித் தடவை 41. பாட்டிலும் கிளாஸும் நாக்கும் அதேதான், நடுவில் மாறியது பீரின் குளிர்ச்சி மட்டும். இங்கிலாந்தின் ஸ்ட்ராங்கான சிவப்பு ஏல் வகை பீர்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் பெயர் விஷயம். சிவப்பு ஏல் என்றதும் பலருக்கு அயர்லாந்துதான் நினைவுக்கு வரும். ஐரிஷ் ரெட் வேறு வகை, லேசானது, விழுங்கிய பிறகு வறுத்த தானியம் மாதிரி வாயை உலர்த்திவிட்டுப் போகும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் ரெட் நன்றாகவே புளிக்கும். இங்கிலாந்து சிவப்பு இந்த இரண்டிலும் சேராது, அங்கே லேபிளில் பெரும்பாலும் 'ரூபி' என்று போட்டிருப்பார்கள். பீர் போட்டி நடுவர்கள் வைத்திருக்கும் பி.ஜே.சி.பி. கையேட்டில் இங்கிலீஷ் ரெட் என்று தனி வகையே கிடையாது, 5.5 முதல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள ஏல்களை பிரிட்டிஷ் ஸ்ட்ராங் ஏல் என்று ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். பாட்டில் பிராட்சைட் 6.3 சதவீதம், அதனால் அந்தக் கூடையில்தான் விழும். நான் மார்க் போட்டதும் அந்தக் கையேட்டின் கணக்குப்படிதான்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் அது உட்காரும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். சிவப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பீர் ஜெயித்துவிட முடியாது.

ஆனாலும் அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மேஜையில் வைத்துப் பார்த்தால் இது பழுப்பு பீர்தான், டிகாக்‌ஷன் அதிகமாகிப் போன டீ நிறம். கிளாஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால்தான் ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் மாதுளம் முத்துச் சிவப்பு தெரியும். இந்த வகை ஏல்களில் நிறம் வருவது மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிப் பக்குவப்படுத்திய பார்லியிலிருந்து. முளைகட்டிய பார்லியை ஈரம் காயவிடாமல் சூடாக்கினால் மணிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும், அப்புறம் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை உள்ளேயே பாகாகி இறுகும். கிரிஸ்டல் மால்ட் என்பது இதுதான். கருகும் அளவுக்கு வறுத்த மால்ட்டை ஒரு சிட்டிகை போட்டும் சிவப்பைக் கொண்டுவரலாம், ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் சிவப்பு போய் கறுப்பாகிவிடும். கையளவுதான் வித்தியாசம், அந்த அளவு தெரிந்தவர்கள் செய்த பீரை விளக்கில் பிடித்துப் பார்ப்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு.

பிராட்சைட் வருவது சஃபோக் கடற்கரையில் இருக்கும் சவுத்வோல்ட் என்ற சின்ன ஊரிலிருந்து. அங்கிருந்த ப்ரூவரியை ஆட்னம்ஸ் சகோதரர்கள் 1872ல் வாங்கினார்கள், இன்றைக்கும் அங்கேதான் காய்ச்சுகிறார்கள், பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று கலங்கரை விளக்கம் நிற்கிறது. அந்த ஊருக்கு நேர் எதிரே, சோல் பே என்ற கடற்பகுதியில், 1672ல் பெரிய கடற்சண்டை ஒன்று நடந்தது. ஒரு பக்கம் டி ராய்ட்டர் தலைமையில் டச்சுக் கப்பல்கள், மறுபக்கம் இங்கிலாந்தும் பிரான்ஸும். இங்கிலாந்துப் படையை நடத்தியவர் யார்க் கோமகன், பிற்பாடு இரண்டாம் ஜேம்ஸ் என்று மன்னராக வந்தவர். சாண்ட்விச் பிரபுவின் ராயல் ஜேம்ஸ் கப்பல் எரிந்துபோனது, அவரும் அந்தச் சண்டையில் இறந்தார். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று திட்டமாகச் சொல்ல முடியாத சண்டை அது. அதன் 300வது ஆண்டு நினைவாக 1972ல் இறக்கிய பீர்தான் பிராட்சைட். கப்பலின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். முதன்முதலில் குடித்தபோது நானும் அப்படி ஒரு வெடியை எதிர்பார்த்துத்தான் கிளாஸை எடுத்தேன், ஆனால் இது வெடிக்கிற பீர் இல்லை, மெல்ல மெல்ல அவிழ்கிற பீர்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பாட்டிலை வேண்டுமென்றே ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தேன், சமையலறைத் தெர்மாமீட்டரில் 5 டிகிரி. வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ், நன்றாகக் கழுவிக் காயவைத்தது, ஏனென்றால் சோப்பு மிச்சம் இருந்தால் நுரை நிற்காது. நுரை பழுப்பேறிய வெள்ளையில் விரல் அகலத்துக்கு எழும்பி, சீக்கிரமே மெல்லிய படலமாக அடங்கியது. முகர்ந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, எங்கோ தூரத்தில் ரொட்டி மேல்தோல் வாசம். வாயில் வைத்தால் முதலில் காஸின் குத்தல், அப்புறம் கசப்பு, அதற்கப்புறம் உலோகம் மாதிரி ஒரு வெறுமை. குளிரில் மணப்பொருள்கள் ஆவியாக மாட்டா, நாக்குக்கு இனிப்பும் சரியாக உறைக்காது, கசப்பு மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்கும். 29 மார்க் அந்த நிலைக்கு. மணத்துக்கு 5தான் கொடுத்தேன், அதுவே தாராளம்.

கிளாஸை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய் வேறு வேலை பார்த்தேன். அரை மணி கழித்து வந்தபோது 12 டிகிரி. இங்கிலாந்து பப்களின் நிலவறையில் ஏல் இருக்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட இதுதான், 11 முதல் 13 வரை. 'இங்கிலீஷ்காரர்கள் பீரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்' என்பது தவறான பேச்சு, 12 டிகிரி தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்றுதான் இருக்கும். இப்போது மூக்கை நீட்டும் முன்பே வாசம் வந்தது. ஆட்னம்ஸ்காரர்கள் இதை ஃப்ரூட் கேக் என்று சொல்வார்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்வார்கள். என் மூக்கு அங்கே போகவில்லை. கருப்பட்டியை உடைத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, பாகு பதத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாசம் எழும்புமே, இனிப்போடு லேசாகப் புகை கலந்தது, அதுதான் முதலில். அதற்கடியில் ஊறவைத்த உலர் திராட்சை, விதை நீக்கிய பேரீச்சை, அப்புறம் பாதாம் தோலின் மெல்லிய கசப்பு வாசம். இந்தப் பழ வாசத்தில் பெரும்பங்கு ஈஸ்ட் செய்கிற வேலை. பீரில் ஒரு பழமும் போடுவதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள்தான் மூக்குக்குப் பழமாகத் தெரிகின்றன, இங்கிலாந்து ஏல் ஈஸ்ட்டுகள் அதில் கைதேர்ந்தவை.

சுவையில் இனிப்பு முதலில் வந்து நாக்கின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் நேரம் அங்கேயே இருந்தது, இந்த பீர் திகட்டப் போகிறதோ என்று நான் நினைக்க ஆரம்பித்த நேரத்தில் அடிநாக்கிலிருந்து கசப்பு ஏறி வந்து அதைத் துடைத்துக்கொண்டு போனது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களில் ஃபர்ஸ்ட் கோல்ட் என்ற ரகத்தின் வேலை அது, கென்ட்டில் வை கல்லூரியில் உருவாக்கிய குட்டை ரகக் கொடி, கோல்டிங்ஸ் குடும்பத்து மணம் அதில் உண்டு, கூடவே ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒன்று. ஸ்ட்ராங் ஏலை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஆல்கஹால் ஏற வேண்டுமென்றால் மால்ட் கூட வேண்டும், மால்ட் கூடினால் உடம்பும் இனிப்பும் கூடவே ஏறும், ஏறிய இனிப்பைக் கசப்பு வந்து அடக்கியாக வேண்டும். எந்தெந்த பழம், எந்தெந்த மசாலா என்று பட்டியல் போடுவதைவிட, கசப்பு எந்த நொடியில் வந்து சேர்கிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். இதில் அது கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. எனக்கு இன்னும் ஒரு நொடி முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 38.

16 டிகிரியில் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். காஸ் பாதி போய்விட்டது, அதனால் பீர் வழவழப்பாகி நாக்கோடு ஒட்டிப் போனது. கருப்பட்டி பின்னுக்குப் போய் பாதாம் முன்னால் வந்தது, விழுங்கியதும் நெஞ்சுக்குள் மெல்லிய சூடு, தொண்டையில் எரிச்சல் எதுவும் இல்லை. 6.3 சதவீத பீரில் ஆல்கஹால் தெரிய வேண்டிய விதம் இதுதான், காரமாக முகத்தில் அறையக் கூடாது. மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 16, வாயில் உட்காரும் விதத்துக்கு 4, மொத்தத்தில் 8. இதற்கு மேல் சூடாகவிட்டால் பாகு மட்டும் தூக்கலாகத் தெரியும், அதையும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன், தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. நான் முன்பு குடித்த இன்னொரு ரூபி ஏல், பெயர் வேண்டாம், வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வந்தது, கடையில் ஜன்னலோரத்து அலமாரியில் வெயில் படும்படி வைத்திருந்தார்கள். திறந்ததும் பூனை மூத்திர நெடி மாதிரி ஒன்று குப்பென்று அடித்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகும், மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்காது. சிவப்பு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளை பாட்டிலில் அடைத்து உள்ளே இருப்பதைக் கெடுப்பது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம். அந்த மாதிரி பாட்டிலுக்கு மார்க் போடாதீர்கள், ப்ரூவரி செய்த பீர் அது இல்லை.

இதே பிராட்சைட்டை சவுத்வோல்டில் ஒரு பப்பில் காஸ்க் என்கிற பீப்பாயிலிருந்தும் குடித்திருக்கிறேன், போன அக்டோபரில். அது 4.7 சதவீதம்தான். பெயர் ஒன்று, பீர் இரண்டு என்றே சொல்லலாம். காஸ்க்கில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பீப்பாயிலேயே இரண்டாம் தடவை நொதிக்கும், கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள், திறந்த பீப்பாயை மூன்று நாளைக்குள் முடித்தாக வேண்டும். 1971ல் காம்ரா இயக்கம் தொடங்கியதே இந்த வகை ஏல் அழிந்துவிடக் கூடாது என்றுதான். பாட்டிலில் பாகாக இருந்த இடம் காஸ்க்கில் ரொட்டியாக இருந்தது, பேரீச்சை போய் செம்பருத்திப் பூவின் துவர்ப்பு மாதிரி ஒன்று வந்திருந்தது, கசப்பு நான் கேட்ட அந்த ஒரு நொடி முன்னால் வந்து சேர்ந்தது. காஸ்க் பிராட்சைட் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, பிரிட்டிஷ் கணக்கில் 2.7 யூனிட் ஆல்கஹால். அரை லிட்டர் பாட்டில் அதைவிடச் சின்னது, ஆனால் 3.15 யூனிட். வாரத்துக்கு 14க்கு மேல் போகாதீர்கள் என்று அங்கே டாக்டர்கள் சொல்கிற கணக்கை வைத்துப் பார்த்தால் பாட்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய பீர், காஸ்க்கில் பேச்சுத் துணை இருந்தால் இரண்டாவதற்குப் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் இ.எஸ்.பி. என்ற ஏலைப் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். பாட்டிலில் 5.9 சதவீதம், 1978, 1981, 1985 என்று மூன்று முறை காம்ராவின் பிரிட்டன் சாம்பியன் பீர் பட்டத்தை வாங்கியது. நிறம் செம்புக்குப் பக்கம், ஆரஞ்சு மார்மலேட் வாசம், கசப்பு இனிப்போடு கைகோத்துக்கொண்டே வரும். பந்தயம் என்று வந்தால் என் மார்க் இ.எஸ்.பி.க்குத்தான் ஒன்றிரண்டு அதிகம். ஆனால் மழை பெய்கிற ராத்திரியில், சாப்பாடு முடிந்து, அவசரமே இல்லாமல் ஒரே ஒரு கிளாஸ் என்றால் நான் பிராட்சைட்டைத்தான் எடுப்பேன். இன்னும் ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. அதை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை, பின்கதவுப் பக்கம் வெளிச்சம் படாத தரையில் நிறுத்தியிருக்கிறேன், இன்று காலை அந்த இடம் 13 டிகிரி காட்டியது.