டீசல் மண்ணும் சுண்ணாம்புத் தண்ணீர்ப் போத்தலும்

ஜெனரேட்டருக்கு அடியில் டீசல் ஊறிக் கிடந்த மண்ணைச் செடியாலும் நுண்ணுயிராலும் சுத்தமாக்க முடியுமா என்று தொட்டிகளில் போட்டுப் பார்க்கிறேன். அதில் வெட்டிவேர் ஒருவழியாகக் குருத்து விட்டிருக்கிறது. பக்கத்துத் தொட்டிப் பயறுதான் அடம்பிடிக்கிறது. முளைக்கிறது, இரண்டு இலையோடு மஞ்சளாகி நின்றுவிடுகிறது.

மஞ்சளுக்குக் காரணம் நைதரசன் பஞ்சம். டீசலைத் தின்னும் சூடோமோனாஸ், ரொடோகொக்கஸ் வகை பக்டீரியாக்களுக்குக் காபன் தாராளமாகக் கிடைக்கும். நைதரசனை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. காபன் 100, நைதரசன் 10, பொஸ்பரஸ் 1 என்ற வழக்கமான கணக்கில் யூரியாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது சுண்ணாம்புத் தண்ணீர். ஜாம் போத்தலில் மண், உள்ளே சின்ன மூடியில் தெளிந்த சுண்ணாம்பு நீர். நுண்ணுயிர் டீசலைத் தின்று மூச்சுவிட்டால், அந்தக் காபனீரொட்சைட்டு பட்டுச் சுண்ணாம்பு நீரில் வெள்ளை ஆடை படியும். கேட்க எவ்வளவு இலகு! வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பே போதும், ஆனால் வடிகட்டும்போதே அறைக் காற்றில் ஆடை கட்டிவிடுகிறது. இப்போது வடிகட்டுவதே இல்லை. போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, தெளிவை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி நேரே விடுகிறேன். மூடிப் புரிக்குக் குழாய்வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டேப். ரப்பர் வளையம் டீசல் ஆவியில் ஊதிப்போகும்.

யூரியா சிதைந்தாலும் காபனீரொட்சைட்டு வரும். அதனால் டீசல் படாத மண்ணுக்கும் அதே அளவு யூரியா விட்டு இன்னொரு போத்தல். அதில் மெல்லிய ஆடை, டீசல் மண்ணில் தடித்த ஆடை. நுண்ணுயிர் சாக அவித்து ஆறவைத்த மண்ணில் டீசல் மட்டும் விட்ட போத்தல் தெளிவாகவே நிற்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மணம் குறைந்ததை வைத்து மண் சுத்தமாகிவிட்டது என்பவர்களுக்கு ஒன்று: டீசலின் இலேசான பகுதி சும்மாவே ஆவியாகிவிடும்.

வெட்டிவேர் எண்ணெயைக் குடிக்கும் என்பதும் கதைதான். வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் பக்டீரியாவைப் பெருக்கும், வேர் போன வழியில் காற்றும் போகும். தண்ணீர் தேங்கினால் ஒட்சிசன் இல்லை, வேலையும் படுத்துவிடும். கொழும்பு மழைக்குத் தொட்டிக்கு மேல் தகரம் போட்டதும் இதற்குத்தான். டீசல் மண் தண்ணீரை உள்ளேவிடாமல் உருட்டித் தள்ளுவதால் தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) கலந்தேன்.

வெட்டிவேர்க் கன்றுக்குக் கொழும்புக்குப் பக்கத்துப் பத்தரமுல்லை நர்சரிகள் நல்லது, வேரோடு பிரித்துத் தருவார்கள். எண்ணெய் கலந்த சுன்னாகத்துக் கிணறுகளுக்கு இது சரிவருமா என்று யாழ்ப்பாணத்து மச்சான் கேட்கிறார். சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்த எண்ணெயை வேர் எட்டாதே, மச்சான். அடுத்தது கினிப்புல். தொட்டி வாங்கியாயிற்று, பயறு இன்னும் மஞ்சள்தான்.