சூரன் நாட்டிலிருந்து பழனிப் படி வரை

தம்பிக்கு உடம்பு தேறினால் பழனிக்குப் பால்காவடி எடுப்பதாக அம்மா வேண்டியிருந்தார். தேறிவிட்டான். ஆனால் அம்மாவுக்கு இப்போது முட்டிவலி, படியேற முடியாது. தம்பி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் காவடி என் தோளுக்கு வந்தது. கார்த்திகை அன்றுதான் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். கூட்டத்துக்கு என்னம்மா செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் அவன் பாத்துக்குவான், நீ விரதத்த ஒழுங்கா இரு" என்றார். சரி என்று கிளம்பினோம்.

எங்கள் வீட்டில் சஷ்டி வந்தால் ராத்திரி அம்மாயி (அம்மாவின் அம்மா) கந்தபுராணக் கதை சொல்ல உட்காருவார். மற்றப் பிள்ளைகள் போர் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் உயிர், அசுரன் சூரபத்மன் அரசாண்ட கதை. தென்கடல் நடுவே தேவதச்சன் கட்டிக்கொடுத்த வீரமகேந்திரபுரம் அவனுக்குத் தலைநகரம். தம்பிகள் சிங்கமுகனுக்கும் தாரகனுக்கும் தனித்தனி நகரங்கள். மந்திரி தருமகோபன். 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளலாம் என்று சிவபெருமானிடமே வாங்கிய வரம். இத்தனை இருந்தும் அந்த நாட்டு வழக்கத்தைக் கேட்டால் வயிறு எரியும். தேவர்கள் கடலில் மீன் பிடித்துச் சுமந்து வந்து அசுரர்களுக்குப் போட வேண்டும். சூரன் மகன் பானுகோபன் தொட்டிலில் கிடந்தபோதே, தன் மேல் வெயில் பட்டுவிட்டது என்பதற்காகச் சூரியனையே பிடித்துத் தொட்டில் காலில் கட்டினான். இந்திரன் மகன் சயந்தன் சிறையில் கிடந்தான். முருகனுக்காகத் தூது போன வீரவாகு தேவருக்கு அந்தச் சபையில் ஓர் ஆசனம் போட ஆளில்லை. அப்போது முருகன் அருளால் ஒரு சிங்காசனம் தானாக அங்கே வந்து நின்றது. அந்த இடம் வந்தால் அம்மாயி கதையை நிறுத்திவிட்டுக் கை கூப்புவார், நாங்களும் கூப்புவோம்.

பழனியில் இறங்கியதும் முதலில் வந்தவர்கள் தரகர்கள். "அண்ணா, தட்டு நம்ம கடையில வாங்குங்க, க்யூ இல்லாம உள்ள விட்டுடறோம்" என்று ஒருவர் கூடவே நடந்தார். வேண்டாம் என்றால் அவர் போய் இன்னொருவர் வருவார். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு விலை, அதையே திரும்ப எடுக்கும்போது வேறு விலை. விரதமிருந்து வருகிற கிராமத்து ஜனங்களிடம் இப்படிப் பிடுங்குவதைப் பார்க்க மனசு கொதிக்கிறது. ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடைசி நோட்டை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். முருகன் கணக்கில் அது எழுதப்படாமல் போகாது.

சண்முகநதியில் குளித்துவிட்டுத் அடிவாரத்துத் திருவாவினன்குடி கோயிலில் காவடிக்குப் பூஜை போட்டோம். மூன்றாம் படைவீடு அதுதான், அங்கே கும்பிடாமல் மலையேறுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அப்புறம் கிரிவலம். கோர்ட் உத்தரவுக்குப் பிறகு கிரிவீதியில் வண்டிகள் வருவதில்லை, காவடிக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. சஷ்டியில் சூரசம்ஹாரம் நடப்பதும் இதே வீதிகளில்தான். வடக்கே தாரகன், கிழக்கே பானுகோபன், தெற்கே சிங்கமுகன், மேற்கே சூரபத்மன். அம்மாயி சொன்ன அந்த ராஜ்ஜியம் முழுவதையும் ஒவ்வொரு வருஷமும் உற்சவர் சின்னக்குமாரர் இந்த நான்கு வீதிகளுக்குள் முடித்துவிடுகிறார். தோளில் காவடியோடு அந்த இடங்களைக் கடக்கும்போது எனக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். வெயிலோ வியர்வையோ என்று நினைத்துத் தம்பி துண்டை நீட்டினான்.

அம்மாவை விஞ்சில், அதாவது மலையேறும் இழுவை ரயிலில், அனுப்பினோம். நானும் அண்ணியும் பாத விநாயகரிடம் தேங்காய் உடைத்துவிட்டுப் படியில் கால் வைத்தோம். 693 படி என்பார்கள். பாதி ஏறுவதற்குள் காவடித் தண்டு தோள் எலும்பில் இறங்கிவிட்டது. இடது தோளுக்கு மாற்றினேன், அதுவும் தாங்கவில்லை. படிக்கல் கொதித்தது. பால் சொம்பு இரண்டும் ஆடின, ஒரு பக்கம் வாய்க்கட்டு நனைந்து பால் கசிந்து என் முழங்கையில் வழிந்தது. அம்மா வேண்டியதை நான் பாதியில் கெடுத்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. அப்போதுதான் இடும்பன் சந்நிதி வந்தது.

இடும்பன் யார்? சூரபத்மன் போரில் மிஞ்சிய அசுரர். அந்த நாட்டு ஆள். அகத்தியர் சொல்லுக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தண்டில் கட்டி, பாம்பைக் கயிறாக்கி, இதே மாதிரி தோளில் சுமந்து வந்தவர். இறக்கி வைத்த மலையை மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் கோவணத்தோடு நின்ற பிள்ளையிடம் சண்டைக்குப் போய் விழுந்தார். அவர் மனைவி இடும்பி அழுதாள், பிள்ளை மனம் இரங்கி உயிர் கொடுத்து, தன் வாசலிலேயே காவலுக்கு வைத்துக்கொண்டது.

மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றேன். எண்ணெய் மினுக்கும் கரிய மேனி, தோளில் அந்தத் தண்டு. மேலே போகிற ஒவ்வொருவரும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ உடைந்தது. தேவர்களை மீன் சுமக்க வைத்த நாட்டின் தலைநகரம் கடலுக்குள் போயிற்று. அந்த நாட்டு ராஜாவை முருகன் சேவலும் மயிலுமாக்கி ஒன்றைக் கொடியில் வைத்தான், ஒன்றின் மேல் ஏறிக்கொண்டான். அந்த நாட்டுப் பிரஜைக்குத் தனக்கு முன்னால் பூஜை கொடுத்திருக்கிறான். எதிரி நாட்டு ஆளுக்கே இந்த இடம் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து "முருகா, என் பிள்ளையைக் கொடு" என்று அழுத என் அம்மாவை எப்படித் தள்ளுவான்? அதற்குமேல் தோள் வலித்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. "அரோகரா" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள், மீதிப் படிகளை அந்தக் குரலே ஏற்றிவிட்டது.

மேலே பாலைச் சேர்த்துவிட்டு வரிசையில் நின்றோம். கம்பித் தடுப்புக்குள் அவ்வளவு நேரம் நிற்பது பெரிய சோதனைதான். குழந்தைகள் அழுதன, குடிக்கத் தண்ணீர் தேடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், நடுவில் நுழைகிறவர்களும் இருந்தார்கள். செல்போனைக் கீழேயே வாங்கி வைத்துக்கொள்வதால் ஒன்று நல்லது, சந்நிதியில் எல்லாருடைய கையும் கும்பிடத்தான் மேலே போகிறது. அம்மாவையும் தம்பியையும் அங்கே ஒரு தூண் பக்கத்தில் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டோம்.

சாயரட்சை என்ற சாயங்காலப் பூஜை முடிந்து திரை விலகியது. ராஜ அலங்காரம்! காலையில் கோவணாண்டியாக நிற்கிற அதே மேனி, போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாண மேனி, தலையில் கிரீடம், கையில் தண்டோடு ராஜாவாக நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சில நொடிதான், "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். அந்தச் சில நொடியில் தம்பி அவனைப் பார்த்தான், அம்மா தம்பியைப் பார்த்தார். நான் கேட்க நினைத்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. என்ன கேட்பது, கொடுத்தாகிவிட்டதே! என் தம்பி தன் காலில் நடந்து வந்து உன் எதிரில் நிற்கிறான் அப்பா, இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

வெளியே வந்து தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலைத்தொடர் மேகத்துக்குள் இருந்தது, இந்தப் பக்கம் இடும்பன் மலை. அம்மா தம்பி நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசிவிட்டு, பஞ்சாமிர்தத்தை டப்பாவிலிருந்து விரலால் எடுத்து அவன் வாயில் வைத்தார். விருப்பாச்சிப் பழ வாசனை. "அடுத்த காவடி நான் எடுக்கறேன்" என்றான் தம்பி. டாக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம் என்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "எடுப்பான்" என்றார் சந்நிதியைப் பார்த்து.